பழைய காருக்கு எந்த என்ஜின் ஆயில்? அம்பாசிடரையும் மாருதி 800-ஐயும் முன்வைத்து

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய காரை ஆயில் மாற்ற விட்டால், "வண்டி பழசாகிவிட்டது, இனிமேல் கெட்டி ஆயிலாகப் போடுங்கள்" என்ற அறிவுரை பெரும்பாலான ஒர்க்‌ஷாப்களில் கிடைக்கும். அனுபவத்திலிருந்து பிறந்த சொல் அது. அதில் பாதி உண்மையும் உண்டு. மீதிப் பாதிதான், இன்னும் பல ஆண்டுகள் ஓடக்கூடிய என்ஜின்களைக் காலத்துக்கு முன்பே தேய வைக்கிறது. மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசிடரின் உற்பத்தியும் நின்றது. இன்று இரண்டையும் பழைய கார் என்ற ஒரே பெயரால்தான் அழைக்கிறோம். ஆனால் அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் 1950-களில் தன் பல கார்களுக்குப் பொருத்திய பி-சீரிஸ் என்ஜின். மாருதி 800-இல் இருப்பதோ சுஸுகி வடிவமைத்த, 796 சி.சி. கொண்ட, மூன்று சிலிண்டர் என்ஜின். 1983-இல் இந்தியச் சாலைக்கு வந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு தலைமுறைப் பொறியியல் இருக்கிறது. ஒரே டின்னிலிருந்து இரண்டுக்கும் ஆயில் ஊற்றுவது, பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டு நோயாளிகளுக்கு ஒரே மருந்தைக் கொடுப்பது போன்றது.

அம்பாசிடரிலேயே கூட ஒரு எச்சரிக்கை தேவை. 1990-களில் 1800 சி.சி. இசுசு பெட்ரோல் என்ஜின் பொருத்திய அம்பாசிடர்கள் வந்தன. டீசல் அம்பாசிடர்கள் தனி. பெட்ரோல் வண்டியாகப் பிறந்து பின்னாளில் டீசல் என்ஜினுக்கு மாற்றப்பட்டவையும் ஊருக்கு ஊர் உண்டு. எனவே பானட்டைத் திறந்து உள்ளே இருப்பது எந்த என்ஜின் என்று உறுதி செய்துகொள்ளாமல் ஆயிலைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. இக்கட்டுரையில் அம்பாசிடர் என்று சொல்லும் இடங்களில், வேறு குறிப்பு இல்லாவிட்டால், 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினையே குறிக்கிறேன்.

டின்னின் மேல் அச்சிட்டிருக்கும் 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40 போன்ற குறியீடுகள் எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பு வகுத்தவை. 'டபிள்யூ' என்ற எழுத்து எடையைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு இளகலாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. 20டபிள்யூ ஆயிலை உறைநிலைக்கு 15 டிகிரி கீழேயும், 5டபிள்யூ ஆயிலை 30 டிகிரி கீழேயும் குளிர்வித்துச் சோதிக்கிறார்கள். பின்னால் உள்ள எண் சூடான என்ஜினுக்கு உரியது. 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை இருந்தால் அது 40, 16.3 முதல் 21.9 வரை இருந்தால் 50, 9.3 முதல் 12.5 வரை இருந்தால் 30. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், அறை வெப்பத்தில் தண்ணீரின் அளவு ஏறத்தாழ 1.

சமவெளியில் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் தமிழ்நாட்டில் முதல் எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற முடிவுக்கு இங்கே எளிதாக வந்துவிடலாம். ஊட்டியின் ஜனவரி விடியலில் கூட 20டபிள்யூ ஆயிலால் என்ஜின் சுழலாமல் போகாது என்பது உண்மை. ஆனால் ஸ்டார்ட் ஆவது வேறு, ஆயில் போய்ச் சேர்வது வேறு. 40 டிகிரியில், அதாவது சென்னையின் கோடைப் பிற்பகல் வெப்பத்திலேயே, வழக்கமான ஒரு 20டபிள்யூ-50 ஆயில் 160 சென்டிஸ்டோக்ஸ் அளவில் இருக்கும்; 15டபிள்யூ-40 சுமார் 110; 5டபிள்யூ-40 ஆயில் 80-ஐ ஒட்டி. ஆக, காலையில் சாவியைத் திருப்பும் நொடியில் எந்த ஆயிலும் தான் வேலை செய்ய வேண்டிய நிலையைவிடப் பல மடங்கு கெட்டியாகத்தான் இருக்கிறது. என்ஜினின் தேய்மானத்தில் பெரும்பங்கு நிகழ்வது இந்தத் தொடக்க நிமிடங்களில்தான். நம் ஊரிலும் முதல் எண்ணுக்குப் பொருள் உண்டு என்பதற்கு இதுவே காரணம்.

குறியீட்டில் அச்சிடப்படாத இன்னொரு அளவு இருக்கிறது. என் கணிப்பில் அதுதான் முக்கியமானது. வேகமாகச் சுழலும் கிராங்க்‌ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் நசுங்கும் ஆயிலின் நிலையை ஒத்த வகையில், 150 டிகிரி வெப்பத்தில், ஆயிலை மிக வேகமான வெட்டு விசைக்கு உள்ளாக்கிச் செய்யப்படும் சோதனை அது. அதில் 20டபிள்யூ-40 ஆயிலும் 20டபிள்யூ-50 ஆயிலும் எட்ட வேண்டிய குறைந்தபட்ச அளவு ஒன்றே: 3.7 மில்லிபாஸ்கல்-விநாடி. அதாவது 40-லிருந்து 50-க்குத் தாவியதும் பேரிங்குக்குக் கிடைக்கும் பாதுகாப்பின் கீழ்வரம்பு உயர்ந்துவிடும் என்று எஸ்.ஏ.இ. அட்டவணை எந்த உறுதியும் தரவில்லை. நடைமுறையில் நல்ல 50 எண் ஆயில்கள் அந்த வரம்புக்கு மேலேயே நிற்கும் என்றாலும், மட்டமான 50-ஐவிடத் தரமான 40 மேலானதாக இருப்பதற்கு முழு வாய்ப்பு உண்டு.

கெட்டி ஆயில் ஊற்றியவுடன் ஆயில் பிரஷர் மீட்டரின் முள் மேலே ஏறுவதும் சத்தம் குறைவதும் கண்ணுக்கும் காதுக்கும் தெரிகின்றன. அதனால்தான் இந்த அறிவுரைக்கு இவ்வளவு செல்வாக்கு. பிரஷர் என்பது ஆயிலின் ஓட்டத்துக்கு ஏற்படும் தடையின் அளவு. தடை கூடினால் முள் ஏறும். அதனால் பேரிங்குக்கு அதிக ஆயில் போகிறது என்று ஆகாது. பம்பு தள்ளும் ஆயிலின் பிரஷர் வரம்பைத் தாண்டும்போது ரிலீஃப் வால்வு திறந்து, மிஞ்சியதை, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்புக்கே திருப்பி அனுப்பிவிடும். குளிர்ந்த கெட்டி ஆயில் ஃபில்டர் தாளின் வழியே போதிய வேகத்தில் புக முடியாதபோது பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டப்படாத ஆயில் என்ஜினுக்குள் போகும். பேரிங்கைக் காப்பது, சுழலும் தண்டு தானாகவே தன்னடியில் இழுத்துக்கொள்ளும் மெல்லிய ஆயில் படலம். அந்தப் படலத்துக்கு விடப்பட்ட இடைவெளி, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அந்த இடைவெளியை வைத்தே ஆயிலின் எண்ணும் முதலில் தீர்மானிக்கப்பட்டது.

அப்படியானால் அம்பாசிடருக்கு 20டபிள்யூ-50 எப்படி வழக்கமானது? 1950-களின் கார்களுக்கு எஸ்.ஏ.இ. 30, எஸ்.ஏ.இ. 40 போன்ற ஒற்றை எண் ஆயில்களே போடப்பட்டன. வெப்ப நாட்டில் 40, குளிர் நாட்டில் 30 அல்லது அதற்கும் கீழே. ஆயிலில் சிறிதளவு பாலிமர் கலந்தால், குளிரில் இளகலாகவும் வெப்பத்தில் அதிகம் நீர்த்துப் போகாமலும் இருக்கச் செய்யலாம் என்ற தொழில்நுட்பம் பரவியதும் இரட்டை எண் ஆயில்கள் வந்தன. அந்தக் காலப் பாலிமர்கள் என்ஜினுக்குள் வெட்டுப்பட்டுத் துண்டாகும். அப்போது 50 எண் ஆயில் சில ஆயிரம் கிலோமீட்டரில் 40 ஆகிவிடும். 1959-இல் வந்த பி.எம்.சி.யின் மினி காரில் என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் ஒரே ஆயில். கியர்ப் பற்கள் பாலிமரை இன்னும் விரைவாக அறுத்தன. 1960-களில் பிரிட்டனில் 20டபிள்யூ-50 பரவியதற்கு இத்தகைய என்ஜின்களின் தேவையும் ஒரு காரணம். பி-சீரிஸ் என்ஜினுக்கும் அது பொருந்திப் போனது. நம் நாட்டின் வெப்பத்தில், மெதுவாகச் சுழன்று, முழுச் சுமையோடு மேடேறும் அம்பாசிடருக்கு அது இன்றும் நல்ல தேர்வு.

அதே தருக்கத்தை மாருதி 800-க்கு நீட்டக் கூடாது. அந்த என்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டின் மேலே இருக்கிறது. ஆயில் பம்பு சிறியது. ஆயில் குறுகிய துளைகள் வழியே மேலே ஏறி ராக்கர்களை நனைக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள ஒரு 800-இல் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் டேப்பெட் சத்தம் அடங்கக் கூடுதல் நேரமாகும், மைலேஜும் சிறிது குறையும். நாட்டில் பரவலாக அதற்குப் போடப்பட்ட 20டபிள்யூ-40 தவறான ஆயில் இல்லை. இன்று வாங்குவதாக இருந்தால் நான் 15டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40 ஆயிலைத்தான் சொல்வேன். 2000-ஐ ஒட்டி வந்த, கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைத் தெளித்துச் செலுத்தும் எம்.பி.எஃப்.ஐ. மாடல்களுக்கு இரண்டாவது. காரோடு வந்த கையேடு கையில் இருந்தால், வெப்பநிலைக்கு எதிரே எந்தெந்த எண் பொருந்தும் என்று கோடுகளால் காட்டும் அட்டவணை அதில் இருக்கும். அந்த அட்டவணைக்கு முன்னால் என் கருத்தும் மெக்கானிக்கின் கருத்தும் இரண்டாம் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

எண்ணுக்கு அடுத்தது எழுத்து. ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு பெட்ரோல் என்ஜின் ஆயில்களின் தரத்தை 'எஸ்' என்று தொடங்கும் இரண்டு எழுத்துகளால் குறிக்கிறது. இரண்டாம் எழுத்து அகர வரிசையில் முன்னேற முன்னேற ஆயில் புதிய தரத்துக்கு உரியது. 2001-இல் எஸ்.எல்., 2004-இல் எஸ்.எம்., 2010-இல் எஸ்.என்., 2020-இல் எஸ்.பி. என்று வந்தன. புதியது பழையதைவிட மேலானது, ஆகவே பழைய காருக்கும் தாராளமாகப் போடலாம் என்பது பொதுவிதி. கசடு சேராமல் தடுப்பதிலும், வெப்பத்தில் கெட்டுப்போகாமல் தாங்குவதிலும் இன்றைய ஆயில்கள் அந்தக் காலத்து ஆயில்களைவிடப் பல படிகள் மேலே. ஆனால் இந்தப் பொதுவிதிக்கு ஒரு விலக்கு உண்டு. பழைய கார் வைத்திருப்பவர்கள் அதிகம் அஞ்சுவதும் அதைப் பற்றித்தான்.

இசட்.டி.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சேர்மம் 1940-களிலிருந்து என்ஜின் ஆயிலில் கலக்கப்படுகிறது. துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்தது அது. உலோகமும் உலோகமும் கடுமையாக உரசும் இடத்தில், அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிதைந்து, கண்ணாடி போன்ற மிக மெல்லிய பூச்சாகப் படியும். தேயும்போது இரும்புக்குப் பதில் அந்தப் பூச்சு தேயும். தேய்ந்த இடத்தில் மறுபடியும் பூச்சு உருவாகும். அம்பாசிடரின் பி-சீரிஸ், பிரீமியர் பத்மினியின் 1089 சி.சி. என்ஜின் ஆகிய இரண்டும் புஷ்ராடு வகையைச் சேர்ந்தவை. கேம்ஷாஃப்ட் கீழே இருக்க, அதன் மூக்கு டேப்பெட்டின் தட்டையான அடிப்பகுதியில் வழுக்கிக்கொண்டு போகும். உருளை வைத்த நவீன அமைப்பில் உருண்டு போவது இங்கே உரசிப் போகிறது; தொடும் பரப்போ ஒரு கோடு அளவுதான். என்ஜின் ஐடிலில் மெதுவாகச் சுழலும்போது அந்தக் கோட்டில் ஆயில் படலம் நிற்பது அரிது. அந்த நேரத்தில் காப்பது இசட்.டி.டி.பி. பூச்சு.

சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. எரிந்துபோகும் சிறிதளவு ஆயிலோடு வெளியேறும் பாஸ்பரஸ், புகைபோக்கியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. எனவே ஏ.பி.ஐ. தன் தரங்களில் பாஸ்பரஸின் உச்ச அளவைப் படிப்படியாக இறக்கியது, எஸ்.எம். தரத்தில் அது 0.08 விழுக்காடு. இதைக் கேள்விப்பட்டவர்கள் புதிய ஆயில் எதையும் பழைய என்ஜினில் ஊற்றக் கூடாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த வரம்பு 30 எண்ணும் அதற்குக் கீழுமான மெல்லிய ஆயில்களுக்கு மட்டுமே உரியது. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்றவற்றுக்கு ஏ.பி.ஐ. அந்த உச்ச வரம்பை வைக்கவில்லை. அம்பாசிடருக்கோ பத்மினிக்கோ நாம் வாங்குவது அந்தக் கெட்டி வகைதான் என்பதால் அச்சத்தின் பெரும்பகுதி தேவையற்றது. அதற்கு மேலும் உறுதி வேண்டுபவர்கள், லாரிகளுக்காக விற்கப்படும் சி.ஐ.-4 தர 15டபிள்யூ-40 ஆயில்களில், 'எஸ்.எல்.' போன்ற பெட்ரோல் என்ஜின் தரமும் சேர்த்து அச்சிட்டிருப்பதை வாங்கலாம். அவற்றில் தேய்மானத் தடுப்புச் சேர்மம் நிறைவாகவே இருக்கும். உண்மையில் ஆபத்தான தேர்வு, இன்றைய காருக்காக வாங்கி மிச்சமான 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 ஆயிலை வீணாக்க வேண்டாமே என்று அம்பாசிடரில் ஊற்றுவது. எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. உங்கள் மாருதி 800-இல் அது இருந்தால், துத்தநாகம் கூடுதலாகச் சேர்த்த ஆயில்களையும் தனிப் புட்டிகளில் வரும் சேர்க்கைகளையும் தவிர்க்க வேண்டும்.

சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் பழைய என்ஜின் ஒழுகத் தொடங்கும் என்பது பரவலான நம்பிக்கை. 1970-களில் வந்த தொடக்ககாலச் சிந்தெடிக் ஆயில்கள் சில ரப்பர் சீல்களைச் சுருங்கச் செய்தன. பின்னர் சீலை உப்ப வைக்கும் எஸ்டர் வகைகளைச் சேர்த்து அந்தக் குறை சரிசெய்யப்பட்டது. இன்று நடப்பது வேறு: ஏற்கெனவே இறுகி வெடித்த சீலைச் சுற்றிக் கசடு அடைத்துக்கொண்டிருக்கும், புதிய ஆயிலின் கழுவும் திறன் அந்தக் கசடைக் கரைக்க, மறைந்திருந்த கசிவு வெளியே தெரிகிறது. அம்பாசிடரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பி-சீரிஸ் கிராங்க்‌ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் ஆயில் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகு வரி, சுழலும்போது ஆயிலைச் சம்புக்கே திருப்பித் தள்ளும். என்ஜின் நின்றால் அந்தத் தள்ளலும் நின்றுவிடும். எனவே நிறுத்திய அம்பாசிடரின் அடியில் சில சொட்டுகள் விழுவது அதன் அமைப்பிலேயே உள்ளது. அந்த என்ஜினுக்கு விலையுயர்ந்த முழுச் சிந்தெடிக் ஆயில் தேவையே இல்லை. தரமான மினரல் ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். மாருதி 800-க்கு, குறிப்பாகத் தினமும் நெரிசலில் ஓடும் வண்டிக்கு, செமி-சிந்தெடிக் 10டபிள்யூ-40 செலவுக்கு ஏற்ற பலனைத் தரும்.

நீண்ட காலம் கவனிப்பின்றிக் கிடந்த வண்டியை வாங்கியவர்கள் ஒரு விஷயத்தில் நிதானம் காட்ட வேண்டும். கசடு நிறைந்த என்ஜினில் ஃப்ளஷ் திரவத்தை ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டால், கட்டி கட்டியாகப் பெயரும் கசடு சம்பின் அடியில் உள்ள சல்லடையை அடைக்கும். ஆயில் கிடைக்காமல் பேரிங் போய்விடும். அதைவிட, சாதாரணமான நல்ல ஆயிலை ஊற்றி 1000 கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு 2000-இல் ஒருமுறை ஃபில்டரோடு மாற்றுவது பாதுகாப்பானது. மாற்றிய ஆயில் விரைவில் கறுத்தால் அது மட்டமானது என்று வருந்த வேண்டாம். கசடைத் தன்னோடு சுமக்கும் ஆயில்தான் கறுக்கும்.

என்ஜின் உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா என்பதை ஆயில் வாங்குவதற்கு முன்பே அறியலாம். ஒரு இரவு நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் மட்டும் நீலப்புகை வந்து அடங்கினால், வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்கியிருக்கிறது. வேகம் எடுக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சூடான என்ஜின் ஐடிலில் நிற்கும்போது ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கினால் பேரிங் இடைவெளி அகன்றிருக்கக்கூடும். பம்போ பிரஷர் சுவிட்சோ பழுதாகவும் இருக்கலாம், அவற்றை முதலில் பார்க்க வேண்டும். உண்மையாகவே தேய்ந்த என்ஜினுக்கு ஒரு படி கெட்டியான ஆயில், அதாவது 800-க்கு 15டபிள்யூ-40 இருந்த இடத்தில் 20டபிள்யூ-50, ஆயில் குடிப்பதைக் குறைத்து ஓவர்ஹாலைச் சில காலம் தள்ளிப்போட உதவும். மெக்கானிக்குகளின் அறிவுரையில் நான் ஒப்புக்கொள்ளும் பாதி இதுதான். தேய்ந்த ரிங்கை எந்த ஆயிலும் வளர்த்துக் கொடுக்காது.

எல்லாவற்றையும்விடக் கவனிக்கப்படாத குறை ஒன்றுண்டு: டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறுவது. கார்புரேட்டர் வைத்த பத்மினி, பழைய மாருதி போன்ற வண்டிகளில், என்ஜினோடு பொருத்திய மெக்கானிக்கல் ஃப்யூயல் பம்பின் ரப்பர்த் திரை கிழிந்தால் பெட்ரோல் நேராகச் சம்புக்குள் இறங்கும். சில விழுக்காடு பெட்ரோல் கலந்தாலே 40 எண் ஆயில் 30-இன் நிலைக்கு இறங்கிவிடும்; அதன் பிறகு டின்னில் என்ன அச்சிட்டிருந்தாலும் பொருளில்லை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்ட இந்நாளில் இதை இரு மடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை தூக்கலாக அடித்தால் ஆயிலை மாற்றுவதற்கு முன் பம்பின் திரையை மாற்ற வேண்டும்.

டீசல் வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், அவற்றின் ஆயிலுக்கு அமிலத்தை முறிக்கும் காரத்தன்மை முக்கியமாக இருந்தது. ஏனென்றால் 1990-களின் தொடக்கத்தில் நம் டீசலில் 1 விழுக்காடு வரை கந்தகம் இருக்க இடமிருந்தது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 தர எரிபொருளில் அது பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே. ஆகவே பழைய டீசல் அம்பாசிடருக்கு இன்று சி.ஐ.-4 தர 15டபிள்யூ-40 தாராளமாகப் போதும். கரியைச் சுமக்கும் திறன்தான் அங்கே பார்க்க வேண்டியது.

பழைய கார்கள் பெரும்பாலும் குறைவாக ஓடுகின்றன. அதுவே அவற்றின் ஆயிலுக்குக் கேடு. பக்கத்துக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதில்லை. எரிதலில் உண்டான நீராவி உள்ளேயே தங்கி, ஆயில் மூடியின் அடியில் மோர் போன்ற வெண்படலமாகத் தெரியும். 5000 கிலோமீட்டர் ஆகவில்லை என்று காத்திருக்காமல், அத்தகைய வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது, கார்புரேட்டர் வண்டியானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆயிலை மாற்றிவிட வேண்டும். போலி ஆயில் சந்தையில் இருப்பதால், சீல் உடையாத டின்னை எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் பங்க்கிலோ நம்பகமான கடையிலோ பில்லோடு வாங்குவது நல்லது.

எந்த ஆயிலைத் தேர்ந்தாலும், மாற்றிய நாளின் கிலோமீட்டரைக் குறித்துவைத்து, ஆயிரம் கிலோமீட்டர் வரை வாரம் ஒருமுறை, சமதரையில், என்ஜின் ஆறியபின் அளவைப் பாருங்கள். அளவு இறங்கினால், இரவில் வண்டியின் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். அட்டையில் கறை பரவியிருந்தால் ஆயில் ஒழுகுகிறது. சீலையும் கேஸ்கெட்டையும் கவனிக்க வேண்டும், எண்ணை மாற்றிப் பயனில்லை. அட்டை சுத்தமாக இருந்து, ஓடும்போது வெளியேயும் கசிவில்லாமல், அளவு மட்டும் இறங்கிக்கொண்டே போனால் என்ஜின் ஆயிலை எரிக்கிறது. அடுத்த முறை ஒரு படி கெட்டியான எண்ணை முயன்று பார்க்கலாம்.